கருப்பு பெல்ட் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டும் முன் மாஸ்டரிடம் என்ன கேட்கலாம்? (ராமநாதபுரம் கடலோர டேக்வாண்டோ கிளாஸ்கள்)

பாம்பன்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூத்தவன் எட்டாம் வகுப்பு படிக்கிறான், பதிமூணு வயசு. சின்ன வயசுலேருந்து டேக்வாண்டோ கிளாஸ் போறான், இப்ப சிவப்பு பெல்ட். மே மாசம் கருப்பு பெல்ட் டெஸ்ட் இருக்கு, இப்பவே பேர் கொடுத்துப் பணம் கட்டிடுங்கன்னு மாஸ்டர் சொல்லி அனுப்பியிருக்கார். பத்தாயிரத்துக்கு மேல வருது. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர், அந்த 61 நாளும் கரையிலதான். கையில இருக்கறத வச்சுத்தான் அடுப்பு எரியணும்.

பணம்னா எப்படியாவது புரட்டிடலாம். ஆனா தங்கச்சிமடத்துல எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன், அவனும் கருப்பு பெல்ட்தான், காலேஜ் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கான். இது செல்லாதுன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. நான் அந்தத் தாளைப் பார்த்தேன். கொரியாக் கொடி இருக்கு, தங்க எழுத்து இருக்கு, "சர்வதேச"ன்னும் போட்டிருக்கு. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் இல்ல.

எங்க மாஸ்டர் நல்ல மனுஷர். பிள்ளைங்க மேல பாசமா இருப்பார். அவர்கிட்ட நேரடியாக் கேட்டா மனசு சங்கடப்படுவாரோன்னு இருக்கு. எதைக் கேக்கணும், எப்படிக் கேக்கணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நெறியாளர்:

இந்த இழையில் கிளாஸ் பெயர், மாஸ்டர் பெயர் எதுவும் வேண்டாம். பெயர் வந்தால் பதிவை நீக்கிவிடுவேன். மற்றபடி தாராளமாகப் பேசுங்கள்.

சேதுக்கரை மாஸ்டர் எழுதியது:

தங்கச்சி, நான் 5வது டான், அதாவது கருப்பு பெல்ட்டில் ஐந்தாம் படி. ராமநாதபுரத்தில் கிளாஸ் நடத்துகிறேன். இதில் எனக்கும் வரும்படி உண்டு, அதை மனசில் வைத்துக்கொண்டே நான் சொல்வதைப் படியுங்கள்.

முதலில் ஒன்று. வெள்ளையிலிருந்து சிவப்பு வரைக்கும் உங்கள் மகன் வாங்கிய தாள்களுக்கு உலக அமைப்பு எதுவும் பொறுப்பில்லை. அது அந்தந்தக் கிளாஸோ சங்கமோ கொடுப்பது. இங்கே மட்டும் இல்லை, பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான். அதில் தப்பும் கிடையாது. கருப்பு பெல்ட் வரும்போதுதான் கதை மாறுகிறது.

ஒலிம்பிக் வகை டேக்வாண்டோவில் கருப்பு பெல்ட் தரத்தைப் பதிவு செய்கிற இடம் குக்கிவோன். சியோலில் கங்னம் பகுதியில் 1972ல் திறந்தது. போட்டிகளை நடத்துகிற அமைப்பு வேறு. அது 1973ல் தொடங்கி, 2017லிருந்து உலக டேக்வாண்டோ என்ற பெயரில் இருக்கிறது. நம் ஊர் பேனர்களில் இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். ஒன்று தரத்துக்கு, மற்றது போட்டிக்கு. உலக டேக்வாண்டோ நடத்தும் உலகப் போட்டிகளில் இறங்க குக்கிவோன் சான்றிதழ் கேட்பார்கள், அந்த அளவில்தான் இரண்டுக்கும் உறவு.

இப்போது உங்கள் மகன் விஷயம். 15 வயது நிறையாத பிள்ளைக்கு குக்கிவோன் "டான்" கொடுக்காது, சிறுவர்களுக்கான "பூம்" என்ற தரம் கொடுக்கும். பெல்ட்டும் பாதி சிவப்பு, பாதி கருப்பாக இருக்கும். 15 ஆனதும் விண்ணப்பித்து டானாக மாற்றிக்கொள்ளலாம். பதிமூன்று வயதுப் பையனுக்கு "குக்கிவோன் 1வது டான்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்தி விளக்கம் கேளுங்கள். அடுத்த படிகளுக்கும் காலக்கெடு உண்டு. 1லிருந்து 2க்குக் குறைந்தது ஒரு வருஷம், 2லிருந்து 3க்கு இரண்டு, 3லிருந்து 4க்கு மூன்று. இதைத் தாண்டி வேகமாக ஏறியவர் யாராவது உங்களுக்குப் பாடம் எடுத்தால் அதையும் கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. கொரியாவிலிருந்து யாரும் வந்து உங்கள் பிள்ளையைப் பார்ப்பதில்லை. 4வது டானோ அதற்கு மேலோ உள்ளவர் தேர்வு வைத்து, இவன் தேறினான் என்று பரிந்துரை அனுப்புகிறார். குக்கிவோன் அதைப் பதிவு செய்து எண் கொடுக்கிறது. பரிந்துரைத்தவர் கண்டிப்பானவராக இருந்தால் அந்தத் தாளுக்குக் கனம் உண்டு. ஏனோதானோ என்று அனுப்பினாலும் தாள் அதேதான் வரும். இதை ஒரு மாஸ்டராக வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அதனால் மாஸ்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "சார், சான்றிதழ் குக்கிவோன்லேருந்து வருமா, இல்ல நம்ம சங்கத்துலேருந்தா? பரிந்துரை யார் பேர்ல போகுது? எண் எப்ப வரும்?" மரியாதைக் குறைவு எதுவும் இதில் இல்லை. எண் வந்தபிறகு குக்கிவோன் இணையதளத்தில் சான்றிதழ் எண், பெயர், பிறந்த தேதி கொடுத்து நீங்களே பார்க்கலாம். மாஸ்டருடைய டானையும் அப்படியே பார்க்கலாம். என் பெற்றோர்களிடம் சேரும் அன்றைக்கே என் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டில் இதையும் செய்து பாருங்கள். டேகுக் 1 முதல் 8 வரை பூம்சே (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) எட்டையும் வரிசையாகச் செய்யச் சொல்லுங்கள். உங்களுக்கு நுணுக்கம் தெரிய வேண்டியதில்லை. ஆறாவதில் தடுமாறி, ஏழாவது மறந்து, எட்டாவதில் நின்றுவிட்டால் மே மாதத் தேர்வு சீக்கிரம் என்று அர்த்தம். வாரம் மூன்று வகுப்பு ஒழுங்காக வரும் பிள்ளைக்கு வெள்ளையிலிருந்து கருப்புக்கு மூன்று நான்கு வருஷம் ஆவது என் அனுபவத்தில் சாதாரணம்.

கீழை_காக்கா எழுதியது:

மாஸ்டர் சொன்னது எல்லாம் சரி, ஆனா அது ஒரு வீட்டுக் கணக்கு. டேக்வாண்டோவுக்கு இன்னொரு வீடும் இருக்கு.

நான் கீழக்கரை. ஷார்ஜாவுல வேலை பார்த்தப்ப கத்துக்கிட்டது ஐ.டி.எஃப்., அதாவது சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு வகை. ஜெனரல் சோய் ஹோங் ஹி 1966ல சியோல்ல ஆரம்பிச்சது. குக்கிவோன் வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே இது இருக்கு. எங்களுக்கு டேகுக் கிடையாது, சோன்-ஜியில ஆரம்பிச்சு மொத்தம் 24 துல், உங்க பூம்சே மாதிரி. பூம்ங்கிற பேச்சும் எங்க பக்கம் இல்ல. சண்டையில முகத்துக்குக் கையால குத்தலாம், அங்க தலைக்கு உதை மட்டும்தான். அதனால "குக்கிவோன் இல்லன்னா போலி"ன்னு யாரும் முடிவு கட்டிறாதீங்க தங்கச்சி. உங்க மகன் எதைக் கத்துக்கிறான்னு முதல்ல பாருங்க. டேகுக்னு சொன்னா குக்கிவோன் பக்கம். சோன்-ஜி, டான்-குன், டோ-சான்னு சொன்னா எங்க பக்கம்.

ஆனா எங்க வீட்டுலயும் பிரச்சினை இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஜெனரல் 2002ல காலமானார். அந்தக் காலத்தை ஒட்டியே அமைப்பு மூணா உடைஞ்சது, மூணும் ஐ.டி.எஃப்.ங்கிற அதே பேரை வச்சிருக்கு. ஒருத்தர் கொடுத்த டான் டிகிரியை இன்னொருத்தர் ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. ஐ.டி.எஃப்.னு தாள்ல இருந்தா எந்த ஐ.டி.எஃப்.னு கேக்கணும். ஒலிம்பிக்குக்கு எங்க வழி கிடையாது. 2000 சிட்னியிலேருந்து பதக்கத்துக்கு நடக்கறது அவங்க வகைதான். மகனுக்குப் போட்டி, ஒதுக்கீடுன்னு கனவு இருந்தா அதை இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லது.

பாம்பன்காரி எழுதியது:

மகன்கிட்ட கேட்டேன். டேகுக்னுதான் சொல்றான். ஆறு வரைக்கும் நல்லாச் செஞ்சான். ஏழு பாதி வந்துச்சு. எட்டு இன்னும் சொல்லித் தரலயாம்.

ஒதுக்கீடு பத்தி யாராவது சொல்லுங்களேன். கருப்பு பெல்ட் இருந்தா வேலை கிடைக்கும்னு எங்க தெருவுல எல்லாரும் நம்புறாங்க.

விசில் வாத்தியார் எழுதியது:

மண்டபம் பக்கம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் நான். ஒதுக்கீட்டுக் கேள்வி வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் என்னிடம் அழுதுகொண்டு வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மா, பெல்ட்டுக்கு ஒதுக்கீடு கிடையாது. விளையாட்டு ஒதுக்கீடு என்பது போட்டியில் எந்த அளவில் ஆடினீர்கள், என்ன இடம் பிடித்தீர்கள் என்பதற்கு. மத்திய அரசு வேலைக்கான படிவங்களையே பாருங்கள். படிவம் 1 நாட்டுக்காக ஆடியவர்களுக்கு, தேசியச் சம்மேளனம் கொடுக்க வேண்டும். படிவம் 2 மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு, மாநிலச் சங்கம் கொடுக்க வேண்டும். படிவம் 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு. படிவம் 4 தேசியப் பள்ளி விளையாட்டுக்கு. இந்த நாலில் எதிலும் "என்ன பெல்ட்" என்று ஒரு கட்டம் இல்லை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, அங்கேயும் கேட்பது போட்டிச் சான்றிதழ்தான்.

அடுத்த சிக்கல் அந்தப் போட்டியை யார் நடத்தினார்கள் என்பது. "அகில இந்திய ஓபன்", "சர்வதேச அழைப்புப் போட்டி" என்று ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். நுழைவுக் கட்டணம் கட்டிய பிள்ளைகள் எல்லாரும் பதக்கத்தோடு வருவார்கள். அங்கீகாரம் பெற்ற சம்மேளனத்தின் தேசியப் போட்டி அது இல்லை என்றால் ஒதுக்கீட்டு மேசையில் அந்தத் தாளைத் தள்ளிவிடுவார்கள். தங்கச்சிமடத்துப் பையனுக்கு நடந்தது இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

இந்தியாவில் டேக்வாண்டோ நிர்வாகமும் நிலையாக இருந்ததில்லை. பல வருஷமாகப் போட்டிச் சங்கங்கள், வழக்குகள், அங்கீகாரப் பிரச்சினைகள். ஒரே மாவட்டத்தில் இரண்டு "மாவட்டச் சங்கம்" இருக்கும், இருவரும் தங்களைத்தான் அசல் என்பார்கள். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகாரம் பெற்ற தேசியச் சம்மேளனங்களின் பட்டியலை இணையதளத்தில் வெளியிடுகிறது. போட்டி நடக்கிற அந்த வருஷத்துக்கான பட்டியலைப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் தேர்வு என்பவர்களுக்கு என் யோசனை: ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது, ஒரு காலைப்பொழுது நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் யாராவது யாரையாவது கைகாட்டுவார்கள்.

"உலக சாதனை" பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்நூறு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, தொடர்ந்து இத்தனை உதை என்று ஏதோ ஒரு சாதனைப் புத்தகத்தில் பெயர் போடுவது. தலைக்கு இவ்வளவு என்று வசூல். பிள்ளைக்கு ஒரு போட்டோ மிஞ்சும். ஒதுக்கீட்டில் இதற்குச் சுழியம். கடற்கரை மணலில் மே மாத வெயிலில் மயங்கி விழுந்த பிள்ளைக்கு நான் தண்ணீர் தெளித்திருக்கிறேன். பெற்றோர்கள் இதற்குச் சம்மதிக்கவே கூடாது.

பதிவுமேசை எழுதியது:

ராமநாதபுரத்தில் பத்திரம், சங்கப் பதிவு எழுதும் வேலை எனக்கு. சான்றிதழின் அடியில் வரிசையாகப் போட்டிருக்கும் எண்களைப் பற்றிச் சொன்னால் உபயோகமாக இருக்கும்.

"அரசுப் பதிவு பெற்றது" என்பது பெரும்பாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன்படி பதிவான சங்கம். உறுப்பினர்கள், விதிமுறைகள், முகவரி, கட்டணம் எல்லாம் சரியாக இருந்தால் மாவட்டப் பதிவாளர் பதிவு செய்வார். சங்கத்தில் இருப்பவர்களுக்கு உதைக்கத் தெரியுமா என்று அவர் பார்ப்பதில்லை, அது அவர் வேலையும் இல்லை. பெயரில் "உலக" என்றும் "ஆசிய" என்றும் வைக்க ஆசைப்பட்டு வருகிறார்கள். அறக்கட்டளைப் பத்திரமும் இப்படித்தான். சிறுதொழில் பதிவு எண்ணைச் சான்றிதழில் அச்சடித்து மத்திய அரசு முத்திரை மாதிரிக் காட்டுவதையும் பார்க்கிறேன். அந்தப் பதிவு தொழில் செய்வதற்கானது, அவ்வளவுதான்.

ஐ.எஸ்.ஓ. 9001 என்றால் மக்கள் மயங்கிவிடுகிறார்கள். அது ஒரு நிறுவனம் தன் வேலைகளை ஒழுங்குபடுத்தி எழுதிவைத்து நடத்துகிறதா என்பதற்கான தரநிலை. அச்சகத்துக்கும் வாங்கலாம், அரிசி ஆலைக்கும் வாங்கலாம். ஐ.எஸ்.ஓ. அமைப்பு நேராக யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை, வெளித் தணிக்கை நிறுவனங்கள்தான் கொடுக்கின்றன. ஒரு பையன் டேகுக் எட்டைச் சரியாகச் செய்கிறானா என்பதை அது சொல்லாது.

மூக்கையூர் தம்பி எழுதியது:

படிச்சுக்கிட்டே வந்தேன், ஒன்னு சொல்லாம இருக்க முடியல.

நான் 1வது டான். குக்கிவோன் எண் இருக்கு. எங்க ஊர்ல புயல் காப்பகத்துக்கு முன்னாடி இருக்கற இடத்துல சாயங்காலம் கிளாஸ் எடுக்குறேன். காசு வாங்குறதில்ல. பாதிப் பிள்ளைங்களுக்கு டிரஸ்ஸே கிடையாது, அரை டவுசரோடதான் உதைக்குதுங்க. செஸ்ட் கார்டு ரெண்டுதான், மாத்தி மாத்திப் போட்டுக்கறோம். நீங்க எல்லாரும் 4வது டான், 5வது டான், அமைச்சகப் பட்டியல்னு பேசுறீங்க. அதெல்லாம் இருந்தாத்தான் கிளாஸ்னா சாயல்குடிக்குத் தெற்கே எத்தனை ஊர்ல கிளாஸ் இருக்கும்? அந்தப் பிள்ளைங்க வேற எங்க போகும்? ராம்நாடு போக பஸ் சார்ஜ் யார் கொடுப்பா? பேப்பர் கேக்கற பேச்சு எங்கள மாதிரி ஆளுங்களைத்தான் முதல்ல அடிக்கும்.

சேதுக்கரை மாஸ்டர் எழுதியது:

தம்பி, உங்களை அடிக்க இதை எழுதவில்லை. 1வது டான் பாடம் எடுக்கலாம், தாராளமாக எடுக்கலாம். நானும் அந்த நிலையில்தான் ஆரம்பித்தேன். தேர்வு வைத்துக் கருப்பு பெல்ட் கொடுக்கும் இடத்தில்தான் எல்லைக்கோடு. அதற்கு மேலே ஒருவர் வேண்டும். நீங்கள் ஏதாவது ஒரு 4வது டானோடு சேர்ந்து இருங்கள். பிள்ளைகள் தயாரானதும் அவர் வந்து பார்க்கட்டும், அவர் பெயரில் பரிந்துரை போகட்டும். உங்கள் வாசலிலேயே ஒரு அட்டையில் எழுதி வையுங்கள்: நான் 1வது டான், இது என் எண், என் மூத்தவர் இன்னார், இங்கே மஞ்சள் முதல் சிவப்பு வரை என்று. இவ்வளவு வெளிப்படையாக ஒருவர் சொன்னால் எந்தப் பெற்றோரும் குறை சொல்ல மாட்டார்கள். ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் நான் மாதம் ஒருமுறை வருகிறேன். மூக்கையூருக்கும் வரத் தயார். காசு வேண்டாம்.

குக்கிவோன் கருப்பு பெல்ட்டோடு நிறுத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 4வது டானும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தனியாகப் பயிற்றுநர் படிப்பும் தேர்வும் வைக்கிறது. நம் நாட்டில் பாட்டியாலாவில் 1961ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர் படிப்புகள் நடத்துகிறது. நன்றாக உதைக்கத் தெரிவதும், ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிவதும் ஒன்றில்லை என்பதால்தான் இப்படித் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

கீழை_காக்கா எழுதியது:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஷார்ஜாவுல எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கிட்ட பெரிய டிகிரி எதுவும் கிடையாது. ஆனா ஒரு பிள்ளைக்கு முழங்கால் உள்பக்கம் திரும்புதுன்னா ஒரு வாரம் அதை மட்டும் சரிபண்ணுவார். ஊருக்கு வந்தப்புறம் சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டின ஒரு கிளாஸைப் பார்த்தேன். வார்ம் அப் கூட இல்லாம சிமெண்டுத் தரையில ஜம்பிங் கிக் போட வச்சாங்க. என் மகளை எங்க சேர்ப்பேன்னு நீங்களே சொல்லுங்க. தாள் வேணும், வேணாம்னு நான் சொல்லல. தாளைப் பார்த்துட்டு கிளாஸையும் ஒருநாள் உட்கார்ந்து பாருங்க. பார்க்க விடலன்னா அங்க சேர்க்காதீங்க.

தொண்டி செவிலி எழுதியது:

காக்கா சொன்ன இடத்திலிருந்தே தொடர்கிறேன். நான் பள்ளிக்காலத்தில் டேக்வாண்டோ ஆடியவள், இப்போது மருத்துவமனையில் வேலை. இதுவரை எல்லாரும் தரச்சான்றிதழ் பேசினீர்கள். பிள்ளை பத்திரமாக வீடு திரும்புகிறதா என்பதுதான் எனக்கு முதல் தரம்.

தலையில் உதை வாங்கிய பிள்ளை "ஒன்னுமில்ல மாஸ்டர்" என்று எழுந்து நிற்கும். மாஸ்டரும் கைதட்டி மறுபடி இறக்குவார். ராத்திரி வாந்தியோடு எங்களிடம் வரும். உலக டேக்வாண்டோ போட்டி விதிகளில் தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் போட்டிக்கு வரக்கூடாது. வளர்ந்த வீரர்களுக்கே அப்படி என்றால், நம் பிள்ளைக்குத் தலைவலியோ மயக்கமோ வாந்தியோ இருந்தால் அன்றைக்கே கிளாஸை நிறுத்தி டாக்டரிடம் காட்ட வேண்டும், அவர் சரி என்று சொல்லும் வரை சண்டைப் பயிற்சி கூடாது. ஹெட் கார்டு போட்டிருந்தானே என்று சமாதானம் சொல்வார்கள். ஹெட் கார்டு வெட்டுக் காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது.

அடுத்தது பெண்பிள்ளைகள். இந்தக் கரையில் இதை வாய்விட்டுப் பேச மாட்டோம், நான் பேசுகிறேன். கிளாஸில் பெண் உதவியாளர் இருக்கிறாரா? ஸ்ட்ரெச்சிங் பண்ணும்போது யார் கைவைத்து அழுத்துகிறார்? வெளியூர்ப் போட்டிக்கு ராத்திரி வண்டியில் போனால் கூட யார் போகிறார்கள், அறை யாரோடு? மாஸ்டர் பிள்ளையின் செல்லுக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறாரா? "ஸ்பெஷல் கோச்சிங்" என்று கதவைச் சாத்தித் தனியாக வகுப்பு உண்டா? நல்ல மாஸ்டருக்கு இந்தக் கேள்விகளால் ஒரு இழுக்கும் வராது. சொல்லப்போனால் அவருக்கே இது பாதுகாப்பு. 2012ன் போக்சோ சட்டப்படி ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது என்று தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். சங்கத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள அதில் இடமே இல்லை. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம். கிளாஸ் சுவரில் டான் சான்றிதழுக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி வைக்கச் சொல்லி நான் பார்க்கிற மாஸ்டர்கள் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உச்சிப்புளி அப்பா எழுதியது:

எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா இவ்வளவு கேள்வி கேட்டா எந்த மாஸ்டரும் முகம் சுளிப்பார். நம்ம பிள்ளையை அவர்கிட்டத்தானே விடணும்? குருன்னு ஒரு மரியாதை வேண்டாமா? என் மகள் மூணு வருஷமாப் போறா, நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. போய் வந்ததுல பயம் போயிருக்கு, காலைல தானா எந்திரிக்கிறா. எனக்கு அது போதும்.

விசில் வாத்தியார் எழுதியது:

உச்சிப்புளி அண்ணே, மகளுக்குப் பயம் போனது பெரிய விஷயம். ஒதுக்கீடோ போட்டியோ வேண்டாம், உடம்பும் மனசும் நன்றாக இருந்தால் போதும் என்றால் நீங்கள் சங்கப் பட்டியல் எதையும் தேட வேண்டாம். ஆனால் செவிலியம்மா கேட்ட கேள்விகளை அப்போதும் கேட்டே ஆக வேண்டும். என் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் என்னைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான். குருவை மதிப்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் பகை கிடையாது.

பாம்பன்காரி எழுதியது:

நேத்து சாயங்காலம் போய்க் கேட்டுட்டேன். வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போனேன்.

முதல்ல மாஸ்டர் கொஞ்சம் யோசிச்சார். அப்புறம் உட்காரச் சொல்லிப் பேசினார். மே மாசம் கொடுக்கப்போறது அவங்க சங்கத்துச் சான்றிதழ்தானாம், குக்கிவோன் இல்லையாம். "குக்கிவோன் வேணும்னா பரிந்துரை அனுப்ப எனக்கு டான் பத்தாது, மதுரையில என் மூத்தவர்கிட்டதான் கொண்டுபோகணும். அதுக்குத் தனியாச் செலவாகும். பெற்றோர்கள் கேக்காததால நானும் சொல்லல"ன்னார். அவரோட சொந்த எண்ணைக் கேட்டோம், தாள்ல எழுதிக் கொடுத்தார். 2வது டான். மகன் இணையதளத்துல போட்டுப் பார்த்தான், அவர் பேர் வந்துச்சு.

அவர் ஏமாத்தினார்னு எனக்குத் தோணல. ஆனா நாங்க கேட்டிருக்காட்டி அந்தப் பணத்தைக் கட்டிட்டு, நாலு வருஷம் கழிச்சுத் தங்கச்சிமடத்துப் பையன் மாதிரி நின்னிருப்போம். மே மாசத் தேர்வுக்கு மகனை அனுப்பல. எட்டாவது பூம்சே முடியட்டும், தடைக்காலமும் முடிஞ்சு படகு இறங்கட்டும், அப்புறம் மதுரைக்குப் பூம் தேர்வுக்கு அனுப்பறதாப் பேசியிருக்கோம். கிளாஸ் அதே கிளாஸ்தான். எங்களைப் பார்த்துட்டு வேற ரெண்டு அம்மாவும் அவர்கிட்ட கேட்டாங்களாம். இப்ப எல்லாரையும் உட்கார வச்சு எது எந்தச் சான்றிதழ், எவ்வளவு செலவுன்னு ஒரு கூட்டம் போடுறேன்னு சொல்லியிருக்கார்.

செவிலியம்மா, பெண் உதவியாளர் விஷயத்தையும் கேட்டேன். இல்லயாம். சீனியர் பொண்ணு ஒருத்தியைக் கேட்டுப் பார்க்கிறேன்னார். விடாம கேப்பேன்.

ஒரு சந்தேகம் மட்டும். மகன் பேர் பள்ளிக்கூடத்துல முன்னெழுத்தோடதான் இருக்கு. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கல. பூம் விண்ணப்பத்துல பேரை எப்படிப் போடறது?

சேதுக்கரை மாஸ்டர் எழுதியது:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். குக்கிவோன் விண்ணப்பத்தில் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த எழுத்தை அப்பா பெயராக விரித்துத்தான் போடுவார்கள். சான்றிதழில் ஒற்றை எழுத்தும் பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் இருந்தால் பின்னால் போட்டிப் பதிவில் இரண்டு ஆளாகக் காட்டும், திருத்தக் கடிதப் போக்குவரத்து, கட்டணம் என்று அலைய வேண்டும்.

அதனால் தேர்வுக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். முடியவில்லை என்றால் பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, அப்பா பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் பாஸ்போர்ட்டில் போடப்போகிறீர்களோ அதையே விண்ணப்பத்திலும் எழுதுங்கள். பிறந்த தேதியையும் சரிபாருங்கள், பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதத்துக்கு மாற்றிச் சொன்ன பிள்ளைகள் இந்தக் கரையில் நிறைய. விண்ணப்பத்தை மாஸ்டரே நிரப்புவார் என்று விட்டுவிடாதீர்கள். நிரப்பியதும் வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.